தூக்கத் துண்டு

எங்கள் வீட்டில் இரண்டு வெள்ளைத் துண்டுகள் இருந்தன. இரண்டும் ஒரே துணியில் வெட்டி நானே ஓரம் அடித்தவை. ஒன்று அண்ணன் வேலைக்கு எடுத்துப்போவது. இன்னொன்று தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்வது. மாறிவிடக் கூடாதே என்று வேலைத் துண்டின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தேன். அந்தக் குறியைப் போடாமலே இருந்திருக்கலாம். இருந்திருந்தால் துண்டு மாறிப்போய்விட்டது என்று நம்பிக்கொண்டு நானாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

அண்ணன் இரவு பஸ் ஓட்டுபவர். ஊர் படுக்கப் போகிற நேரத்தில் கிளம்பி, வெயில் ஏறுகிற நேரத்தில் வீடு திரும்புவார். அதற்கப்புறம் அவர் தூங்க வேண்டும். எங்கே தூங்குவது? எங்கள் வீடு மாடியில். கீழே வெல்டிங் பட்டறை, எதிரே பள்ளிக்கூடம், வீட்டுக்குள் நான். புருஷன் வீட்டோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியையும் ஒரு தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். மெஷினைக் கூடத்து ஜன்னலோரம் போட்டேன், வெளிச்சம் அங்கேதான். அண்ணன் கட்டிலும் கூடத்தில்தான், காற்று அங்கேதான். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. மெஷின் ஓடாத நேரத்தில் என் வாய் ஓடும் என்று அண்ணி சொல்வாள்.

அண்ணி வயதில் எனக்குச் சின்னவள், முறையில் பெரியவள். அதனால் அவளை "நீங்க" என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை "நீ" என்பாள். இந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

தூங்காத அண்ணனோடு குடும்பம் நடத்துவது லேசான காரியம் இல்லை. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டு நகரும். பட்டறைக்காரன் சுத்தியலை எடுத்தால் இவர் மாடியிலிருந்து கத்துவார், பட்டறைக்காரன் பதிலுக்குக் கத்துவான், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அண்ணி கெஞ்சுவாள். கடைசியில்தான் அவள் நாட்டு மருந்துக் கடை வைத்தியரிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் கட்டைவிரல் அளவில் ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்து வைத்தார். சடாமாஞ்சில் தைலம். வேரிலிருந்து காய்ச்சி இறக்குவதாம். தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் என்று மேலே ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஈரச் சாக்குக்குள் யாரோ சந்தனத்தை ஒளித்து வைத்த மாதிரி ஒரு வாசனை.

"இதை மோந்தா தூக்கம் வராது, மயக்கம்தான் வரும்," என்றேன்.

வைத்தியர் என்னைச் சட்டை பண்ணவில்லை. அண்ணியிடம் சொன்னார். "இதுல பாதிதான்மா மருந்து. மீதி பழக்கம். தினமும் ஒரே நேரம், ஒரே துணி, ஒரே படுக்கை. துணியில ரெண்டு சொட்டு போதும். மூக்கு இதைப் படிச்சுக்கிச்சுன்னா உடம்பு தானா பின்னால போயிடும். படுக்கையில தவிர வேற எங்கேயும் இதை வச்சுக்காதீங்க."

அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அண்ணன் குளித்துச் சாப்பிட்டு வந்து படுப்பார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் தூக்கத் துண்டை அவள் எடுத்து, இரண்டு சொட்டு விட்டு, நாலாக மடித்து அவர் கண்மேல் போடுவாள். நெற்றிப் பொட்டில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. நான் கேலி செய்தேன். பிறகு ஒருநாள் துண்டு முகத்தில் பட்டதுமே அவர் குறட்டை விட்டார். என் வாய் அடைத்துப்போனது.

அதன் பிறகு வீட்டில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. பட்டறையில் இரும்பை அறுப்பார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துவார்கள், நான் மெஷினை மிதித்துக்கொண்டே அண்ணியிடம் ஊர்க்கதை பேசுவேன். அவர் பாட்டுக்குக் கிடப்பார். இன்னும் வேடிக்கை என்னவென்றால் மெஷின் நின்றால்தான் புரண்டு படுப்பார். மதியத்துக்கு மேல் முகம் தெளிந்து எழுந்து வரும் அண்ணனைப் பார்க்கையில், அண்ணி என்னவோ பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது.

அந்த பஸ்ஸின் கண்டக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஊர் வைத்த பேர் ரேடியோ. அண்ணனோடு ஒரே வண்டியில் தலை நரைத்தவர். பயணிகள் எல்லாம் தூங்கிய பிறகு டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து விடியும்வரை பேசிக்கொண்டே வருவார். "டிரைவரை முழிக்க வைக்கத்தான் எனக்குச் சம்பளம். டிக்கெட் கிழிக்கிறது சும்மா ஒப்புக்கு," என்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் படியேறும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். "தங்கச்சி, உன் வாயும் என் வாயும் ஒரு வண்டியில ஏறினா டிரைவர் இறங்கி ஓடிடுவாரு" என்று என்னைச் சீண்டுவார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

அந்த வாரம் அண்ணனுக்கு நேரம் சரியில்லை. பஸ் தாமதம் என்று ஒரு பயணி அவர் சட்டைக் காலரைப் பிடிக்க, இவர் கை ஓங்கிவிட்டார். புகார் போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வண்டியைக் கொடுக்க மாட்டோம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, கோபப்பட்டால் எங்கேயாவது விழுந்துவிடுவார் என்று டாக்டரும் தன் பங்குக்குப் பயமுறுத்தினார். அண்ணி சோறு இறங்காமல் நடமாடினாள். "வீட்டுல படுத்தா குழந்தை மாதிரி இருக்காரு. ரோட்டுல ஏறினா யாரோ மாதிரி ஆயிடுறாரு," என்று என்னிடம் புலம்பினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கிளம்பும்போதும் கத்தினார். சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். "இந்த வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருந்து என்ன பிரயோஜனம்" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனார். நான் பதிலுக்கு இரண்டு வார்த்தை விட்டேன். அண்ணி படி விளிம்பில் நின்று அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் பஸ் ரோட்டை விட்டு இறங்கி, ஓரமாக நின்றிருந்த கல் லாரியில் இடித்தது. பயணிகளுக்குச் சிராய்ப்பு, வீக்கம், ஒரு பெண்ணுக்குப் பல் போனது. அண்ணனுக்கு இடது மணிக்கட்டும் விலா எலும்பும் உடைந்தன. மோதியது இடது முன்பக்கம். ரேடியோ உட்கார்ந்திருந்த பக்கம் அதுதான். அவர் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லச் சொல்லி சங்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் நின்று அண்ணனுக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். விசாரிக்க வந்தவரிடம் அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "தூங்கிட்டேன்." சங்கத்து ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். வேலை அன்றைக்கே நிறுத்தி வைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அண்ணி வழக்கம்போலத் துண்டை எடுத்துத் தைலம் விட்டுக் கொண்டுவந்தாள். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி இருக்கும்போதே அண்ணன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம்."

"கொஞ்சம் கண்ணை மூடினாத்தானே உடம்பு தேறும்..."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணி துண்டை மறுபடி ஆணியில் மாட்டினாள். கை நடுங்கியதில் அது இரண்டு தடவை கீழே விழுந்தது. கவலையில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

அதிலிருந்து அவர் தூங்கவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், அதில் பாதி மயக்கமாகக் கிடந்து திடுக்கிட்டு எழுந்து வலது காலால் கட்டில் சட்டத்தை மிதிப்பார். பிரேக் போடுகிறார் என்று எனக்குப் புரிந்த அன்று தையல் ஓடவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. கண்ணைச் சுற்றிக் கருத்துவிட்டது. இதே மாதிரி போனால் இதயம் தாங்காது என்று டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னதை அண்ணி என்னிடம் சொல்லும்போது அவளும் அண்ணனைப் போலவே ஆகிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவளும் தூங்கவில்லை.

அப்போதுதான் ரேடியோவின் மனைவி வந்தாள். சாபம் கொடுக்க வருகிறாள் என்று நினைத்தேன். அவள் அமைதியாக வந்து நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலைமாட்டில் நின்றாள். நான் மெஷினை நிறுத்தினேன்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரலை," என்றாள். "அவரு விதி. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கப் பேசிட்டே இருந்தாரு. வீட்டுல நான் காது குடுத்ததே இல்லை. கொஞ்சம் வாயை மூடுங்கன்னுதான் சொல்லியிருக்கேன். கடைசியா என்ன பேசிட்டு வந்தாரு? நீங்க தூங்குறதுக்கு முன்னால காதுல விழுந்தது எதுவா இருந்தாலும் பரவாயில்லை. அதைச் சொல்லுங்க போதும்."

அண்ணன் உதடு அசைந்தது. "என்னமோ கேட்டான்... சிரிச்சுட்டே..." என்று ஆரம்பித்தார். பிறகு தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"என்ன கேட்டாரு?"

"ஞாபகம் இல்லைம்மா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"ஞாபகம் இல்லை."

அவள் தண்ணீரைத் தொடவில்லை. எழுந்து நின்று, "தூங்கினது போதாதுன்னு அதையும் தொலைச்சுட்டு வந்தீங்களா," என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் அழுதது தெருவில் இறங்கிய பிறகுதான் எங்களுக்குக் கேட்டது. எனக்கு அண்ணன் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை. ஏதாவது ஒரு பொய்யாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். உன் பேரைச் சொன்னான் என்றால் குறைந்தா போய்விடும்?

இரண்டொரு நாள் கழித்துத்தான் அந்தக் கவர் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் அண்ணன் உடம்பிலிருந்து கழற்றிய துணிகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அண்ணி அதைப் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாள். துவைக்காத துணியை இப்படி வைத்தால் பூஞ்சை பிடிக்காதா என்று அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே குளியலறைக்கு எடுத்துப்போய் முடிச்சை அவிழ்த்தேன். ரத்தக் கவிச்சி வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சை விட்டு இழுத்தபோது ஈரச் சாக்கும் சந்தனமும் குப்பென்று முகத்தில் அடித்தன.

சட்டையில் இல்லை. பேண்ட்டில் இல்லை. துண்டில் இருந்தது. தூக்கத் துண்டை எடுத்துப் போய்விட்டாரா என்று பதறிப்போய் மூலையைத் தேடிப் பிடித்தேன். சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். தூக்கத் துண்டு அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாறவில்லை. யாரோ வேலைத் துண்டில் தைலம் விட்டிருக்கிறார்கள். இந்த வீட்டில் அந்த பாட்டிலைத் தொடுகிறவள் ஒருத்திதான்.

அண்ணன் கட்டிலில் கண்ணைத் திறந்து கிடந்தார். நான் துண்டை முந்தானையில் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். துண்டை அவள் முன்னால் போட்டேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு சொட்டு," என்றாள். "ஒரே ஒரு சொட்டுதான். தூக்கத்துக்கு ரெண்டு சொட்டு விடுவேன். இது பாதிதானேன்னு நினைச்சேன்."

"எதுக்கு? வேலைக்குப் போற மனுஷனுக்கு எதுக்கு?"

"மன அமைதிக்குன்னு அதுல ஒட்டியிருக்குல்ல. மறுபடி யாராவது சட்டையைப் பிடிச்சா, இவரு கையை ஓங்கிட்டா, அங்கேயே விழுந்துட்டா... முகத்தைத் துடைக்கும்போது கொஞ்சம் அடங்கட்டும்னு வச்சேன். ஒரு சொட்டு."

"வைத்தியர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! படுக்கையில தவிர வேற எங்கேயும் வைக்காதேன்னு. உனக்கு அறிவு எங்கே போச்சு?"

நாங்கள் பழகிய இத்தனை வருஷத்தில் நான் அவளை "உனக்கு" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு சத்தம் வெளியே வராமல் அழுதாள். அழுகை அடங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"தெரிஞ்ச மாதிரி இல்லை. எல்லாம் தன் தப்புன்னு தன்னையே நொந்துட்டுக் கிடக்காரு."

"தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டாரு. நானே சொல்லிடுறேன். கொஞ்சம் தெம்பு வரட்டும், நானே சொல்லிடுறேன். நீ முந்திக்காதே."

சரி என்றேன். துண்டைத் திரும்ப வாங்கி என் துணிப்பெட்டிக்குள் போட்டேன். அண்ணிக்குத் தெம்பு வருவதாகத் தெரியவில்லை. அண்ணனோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தார். ஒருநாள் தண்ணீர் கொடுக்கப் போனபோது, "அவன் இருந்திருக்கணும், நான் போயிருக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அண்ணி பாவம்தான். ஆனால் கூடப்பிறந்தவர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கும்போது நான் எத்தனை நாள்தான் மென்று முழுங்குவது? அவள் மருந்து வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, வேலைத் துண்டை எடுத்து வந்து சிவப்புக் குறி மேலே தெரியும்படி அண்ணன் மடியில் வைத்தேன்.

"அண்ணா, இது உன் தப்பு இல்லை. மோந்து பாரு."

அவர் முகரவில்லை. நல்ல கையால் துண்டை ஒருமுறை தடவினார்.

"மடிச்சு வை. அவ வந்துடுவா," என்றார்.

துண்டை எடுக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு முகத்தைத் துடைச்சதுமே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா வச்சுக்கிட்டே? ஜன்னல் வழியா தூக்கிப் போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கலாம்." மூச்சு விட விலா எலும்பு வலித்திருக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்தினார். "பொத்தானுக்காக அந்தக் கத்து கத்திட்டுக் கிளம்பினேன். அவ்வளவு கத்தின பிறகும் எனக்காக வச்சு அனுப்பியிருக்காளேன்னு தோணுச்சு. தூக்கிப் போட மனசு வரலை. கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டேன். ரேடியோதான் மோப்பம் பிடிச்சான். 'என்ன டிரைவரே, மூலிகைத் தோட்டம் மாதிரி மணக்குறீங்க, வீட்டுல சண்டை தீர்ந்துடுச்சா'ன்னு கேட்டான். தீர்ந்துடுச்சுன்னு சொன்னேன். சிரிச்சான். அப்புறம் அவன் பாட்டுக்குப் பேசிட்டே வந்தான். பேச்சுச் சத்தம் கேட்டா நான் முழிச்சுப்பேன்னுதானே அவன் பேசுவான்? எனக்கு அந்த வாசனையில பேச்சுச் சத்தம்னா தூக்கம்னு ஆகிப்போச்சு. இந்தக் கூடத்துல உன் பேச்சைக் கேட்டுத்தானே தூங்கிப் பழகினேன்."

அவர் என்னைக் குறை சொல்லிச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் என் மெஷினை என்னால் அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அந்தம்மா வந்து கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாமே அண்ணா. எவ்வளவு அழுதுட்டுப் போனா."

"எப்படிச் சொல்றது? அவன் கடைசியாக் கேட்டதே அந்தத் துண்டைப் பத்தித்தான். தலைமாட்டுல இவ நிக்கிறா. சொன்னா அந்த நிமிஷமே இவளுக்குப் புரிஞ்சுடும். இந்த ஜென்மத்துக்கு எழுந்திருக்க மாட்டா." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. "அவளுக்கு ஏதாவது உறைச்சிருக்கா? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

என் நாக்கு எத்தனையோ இடத்தில் தேவையில்லாமல் நீண்டிருக்கிறது. அன்றைக்கு அது நீண்டிருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள், எழுந்து போய் ஒருத்தர் தோளில் ஒருத்தர் அழுது தொலையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தேன். தூக்கம், வேலை, கூட்டாளி எல்லாம் போன பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான். அண்ணிக்குத் தெரியாது என்ற நினைப்பு. அதையும் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை.

"அண்ணிக்கு ஒண்ணுமே தெரியாது. கவரைப் பிரிச்சது நான்தான்," என்றேன்.

அவர் பிடியை விட்டார். "துவைச்சுடு. வாசனை போற வரைக்கும் துவைச்சுடு," என்றார். சற்றுக் கழித்து, தனக்குள் பேசுகிற மாதிரி, "நான் அந்தத் தைலத்தை வேண்டாம் வேண்டாம்னு தள்ளிட்டே இருந்தா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்," என்றார்.

மறுநாள் காலை, குளிப்பாட்டிச் சட்டை மாற்றிவிட்ட அண்ணியிடம் அவரே கேட்டார். "அந்தத் துண்டைக் கொண்டா. கொஞ்சம் தூங்கிப் பார்க்கிறேன்."

அண்ணி சமையலறையில் இருந்த என்னிடம் ஓடிவந்து, ஈரக் கையால் என் இரண்டு தோளையும் பிடித்தாள். "அவருக்குத் தெரியாதுல்ல? தெரிஞ்சிருந்தா அதைக் கேப்பாரா?"

"கேக்க மாட்டாரு அண்ணி," என்றேன்.

"நான் சொல்லவே வேண்டாம் இல்லே? இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது? தூங்கினாப் போதும். தூங்கிட்டாப் போதும் அவரு."

என் சம்மதத்துக்குக்கூடக் காத்திருக்காமல் போனாள். ஆணியிலிருந்து துண்டை எடுத்தாள். பாட்டிலைச் சாய்த்தாள். இரண்டு சொட்டு. கை நடுங்கவில்லை. நாலாக மடித்து அவர் கண்மேல் போட்டு, நெற்றிப் பொட்டில் விரலை வைத்தாள். துண்டு முகத்தில் பட்டபோது அவர் உடம்பு முழுக்க ஒருமுறை விறைத்தது. அண்ணி அதைத் தூக்கம் வருவதற்கு முன்னால் வரும் சிலிர்ப்பு என்று நினைத்திருப்பாள். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அவர் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நான் மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தேன். கீழே பட்டறையில் இரும்பை அறுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. அண்ணனின் மூச்சு மெல்ல மெல்ல நீண்டது. பிறகு லேசாகக் குறட்டை வந்தது. அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பழைய பரீட்சைச் சிரிப்பு. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் தூங்காதவள், சிரித்த முகத்தோடு கட்டில் சட்டத்தில் சாய்ந்தாள், அடுத்த நிமிஷம் உண்மையாகவே தூங்கிப்போனாள்.

நூல் கண்டு தீர்ந்திருந்தது. மாற்றுவதற்காக மெஷினை நிறுத்தினேன். நிறுத்தினால் புரண்டு படுக்க வேண்டிய மனிதர் புரளவில்லை. குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அண்ணி உறக்கத்தில் முனகினாள், தலை கட்டில் சட்டத்திலிருந்து சரிந்தது. அப்போது போர்வைக்கு வெளியே கிடந்த அண்ணனின் கட்டுப் போட்ட கை மெதுவாக மேலே எழுந்தது. விரல்கள் என் பக்கம் திரும்பி இரண்டு முறை அசைந்தன. ஓட்டு என்றன. நிறுத்தாதே, அவள் எழுந்துவிடுவாள்.

துண்டு கண்மேல் இருந்த இடத்தில் ஈரமாகிக்கொண்டிருந்தது.

ஊசியில் நூல் இல்லை. துணியை அடியில் தள்ளி, மெஷினை மிதித்தேன். அண்ணி எழுந்திருக்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தேன். மறுநாளும் அவர் துண்டைக் கேட்டார்.